சோளத்துக்குள் ஒரு தடம்

பாடையைத் தூக்கியவர்கள் சோளக்காட்டின் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை ஓடை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பாடையில் கிடந்த ராக்கையா இனி தன் சொந்தக் காட்டுக்குள்ளே புகுந்துதான் போயாக வேண்டும்.

"வேற வழியில்ல மதினி," என்றான் கொள்ளிச்சட்டியோடு நின்ற கொழுந்தன் சின்னச்சாமி. "பயிருக்குள்ள எறங்கிருவோம்."

கருத்தம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். சிலமலை ஊரில் பாதி நின்றது. ஈர மண்ணில் இத்தனை கால்கள் இறங்கினால் பால்பிடித்த கதிரில் ஒன்றாவது மிஞ்சுமா? அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் வருஷக் கஞ்சி இதுதான்.

மூன்று வருஷம் மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கிணறு வற்றி, மாடுகளும் கையைவிட்டுப் போன பிறகு, ராக்கையா போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் களையெடுக்கப் போனார். திரும்பும்போது மலைக்காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம்தான் மழை வந்தது. கூப்பிட்டபோது வராத சம்பந்தி மாதிரி, வந்த பிறகு கிளம்ப மனசில்லாமல். நடுங்கிக்கொண்டேதான் விதைத்தார் மனுஷன். கதிரைப் பார்த்தார், கஞ்சியைப் பார்க்கவில்லை. அவர்மேல் அவளுக்கு அழுகையை மீறிக் கோபம் வந்தது.

"செத்த நேரம் நில்லுங்க தம்பி."

காவல் குடிசைக் கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு வந்தாள்.

"என்ன மதினி இது? பாடைக்கு முன்னால பொம்பள போறதா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். ஊரா வந்து எம்பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தப்போகுது? நான் அறுத்துவிட்ட தடத்துலயே எல்லாரும் வாங்க. உங்கண்ணன் இருந்தா பயிருல கால வைக்க விடுவாரா?"

சின்னச்சாமி கொள்ளிச்சட்டியோடு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான்.

அவள் குனிந்து அறுத்தாள். பாடையின் அகலத்துக்கு மட்டும், ஒரு தட்டைகூட அதிகமில்லாமல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் காட்டில் அவர் முன்னால் போவார், அவள் பின்னால் போவாள். இன்றைக்கு அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

கடைசி வரப்பில் ஒதுங்கி நின்றாள். பாடை அவளைத் தாண்டிப் போனது. கொட்டுச் சத்தம் மெல்லத் தேய்ந்தது.

"வா ஆத்தா, தலைமுழுகணும்," என்று பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் கையைப் பிடித்தாள்.

"நீ போ. வர்றேன்."

தடத்துக்கு வெளியே யாரோ சறுக்கி விழுந்து கொஞ்சம் பயிரைச் சாய்த்திருந்தார்கள். கருத்தம்மாள் சேற்றில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடியில் மண்ணை அணைத்து, அது தானாக நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.