தங்கம் பேசும் கட்டம்

'தாராளமா' என்று பென்சிலால் எழுதிப் பார்த்தாள் பாமா. கடைசித் துணைக்கால் படக்கதையின் பேச்சுப் பலூனுக்கு வெளியே போய் நின்றது. அழித்தாள். அதற்கு முன் எழுதி அழித்தது 'எப்போ கிளம்பறேள்?'

"போதும்மா, பேப்பர் கிழிஞ்சுடும்," என்றார் சேஷாத்ரி. அப்பாவோடு ஜெர்மனியில் இந்த வுப்பர்டால் ஊரின் சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாமாவையும் அம்மாவையும் தகனச் சாலைக்கு அழைத்துப்போகக் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது.

அப்பா சேதுராமன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரைபலகை முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இந்த ஊரில் தகனத்துக்கும் தேதி வாங்க வேண்டும், புதன்கிழமைதான் கிடைத்தது.

பகலெல்லாம் சாயத்தோடு மல்லுக்கட்டிய அந்த மனிதர், ஒன்பது வருஷமாகச் சென்னை நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பக்கத்துக்கு மூன்று கட்டப் படக்கதை வரைந்து ஏர்மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கணவன் தம்பு, மனைவி தங்கம். முதல் இரண்டு கட்டங்களில் தம்பு அளப்பான். மூன்றாவதில் தங்கம் வாயைத் திறப்பாள்; தம்புவின் மானம் கப்பலேறும்.

அப்பாவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் படம் அவர், எழுத்து அம்மா வேதவல்லி. வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, விரலால் அளந்து, அதற்குத் தகுந்தபடி பலூன் போடுவார். படம் காய்ந்த பிறகுதான் வசனத்தை அம்மாவிடம் சொல்வார். இந்த வாரம் இரண்டு கட்டங்களுக்குச் சொல்லிவிட்டார். மூன்றாவதற்குச் சொல்லவில்லை. பலூனோ நெல்லிக்காய் அளவுதான் இருந்தது.

"இன்னிக்குப் போஸ்ட் பண்ணியாகணும், மாமா. காலியா அனுப்பினா அங்க ஆபீஸ்ல யாராவது வாய்க்கு வந்ததை எழுதிடுவா. அப்பாவோட கடைசி ஜோக் இது."

"அந்தக் காலத்து ஜெர்மன் பேப்பர்ல வர மாதிரி படத்துக்குக் கீழே எழுதிடேன்."

பாமாவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய படக்கதைகளை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா காட்டுவார். 'பாவம், இதுகளுக்கு வாயே இல்லை. பேச்செல்லாம் காலடியில கிடக்கு' என்பார்.

"தங்கத்தைக் காலடியில பேச வெச்சா அப்பா எழுந்து வந்துடுவார்," என்றாள்.

அம்மா கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே உள்ளிருந்து வந்தாள். "பாமா, என்னோட ஒரு க்ளவ்ஸைக் காணோம். பார்த்தியா?" சோபாவுக்குக் கீழே குனிந்து தேடியபடியே சேஷாத்ரியிடம், "நேத்திக்குத் தகனச் சாலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். அங்க இருக்கற ஜெர்மன்காரன் வேட்டியைப் போர்வைன்னு நினைச்சுண்டு அவருக்குக் கழுத்து வரைக்கும் போத்தியிருக்கான்," என்றாள்.

"ஐயோ. மாத்தச் சொல்லலையா, மன்னி?"

"இருக்கட்டும்னு விட்டுட்டேன். மார்ச் மாசக் குளிர்."

அழுகிற வேலையை அம்மா திங்கட்கிழமையே முடித்துவிட்டாள் என்று பாமாவுக்குத் தோன்றியது. காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் கேளு. முதல் கட்டத்துல தம்பு பேப்பர் படிக்கறான். 'தங்கம், நிலாவுல மூணாவது தடவையா மனுஷன் இறங்கிட்டானாம்!' ரெண்டாவதுல, 'நானா இருந்தா திரும்பியே வந்திருக்க மாட்டேன். கேக்கறியா?' மூணாவதுல தங்கம் துணி மடிச்சிண்டிருக்கா..."

"ம்," என்றாள் அம்மா, சோபாவுக்கு அடியில் கையை விட்டபடி.

பாமா நிறுத்தினாள். பலூனைப் பார்த்தாள். சேஷாத்ரியும் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, இப்ப என்ன சொன்னே?"

"நானா? நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னே. 'ம்'னு சொன்னே."

அம்மா கையுறையோடு எழுந்தாள். காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பெருவிரல் நுனியை அந்தப் பலூன் மேல் வைத்து எடுத்தாள். பிறகு கோட்டோடு அப்படியே மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.

"ஒன்பது வருஷமா இந்தத் தங்கம் என்ன வாய் பேசினா! எழுதறச்சே எனக்குக் கொஞ்சம் பொறாமையாக்கூட இருக்கும். அவர் பேசிண்டே இருப்பார், எனக்கு இந்த ஒரு எழுத்துக்கு மேல வராது." மைக்கூட்டைத் திறந்தாள். "அதைப் போய் அளந்து வெச்சிருக்கார், பாரேன்."

'ம' எழுதினாள். மேலே புள்ளி வைத்தாள். பலூனுக்குள் எந்தப் பக்கமும் இடிக்காமல் உட்கார்ந்துகொண்டது எழுத்து.

"மன்னி, நேரமாறது," என்றார் சேஷாத்ரி தயங்கி.

"காயட்டும். இப்ப மடிச்சா ஈஷிடும்."

மூன்று பேரும் கோட்டும் கையுறையுமாக மேஜையைச் சுற்றி நின்றார்கள். அம்மா குனிந்து அந்தப் புள்ளியின் மேல் மெதுவாக ஊதினாள்.