எட்டாம் பக்கத்தில் நின்றுபோன லியோனோர்

செதூபல் துறைமுக ஊரின் மீன் சந்தைக்கு எதிர்வாடையில் காகிதக் கடை வைத்திருந்தாள் ஒத்தீலியா. நோட்டு, பேனா, வாழ்த்து அட்டை, நகல் எடுப்பது, கைப்பேசியில் கொண்டுவருவதை அச்சடித்துக் கொடுப்பது என்று கடை தள்ளாடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்துபோன பிறகு மதியம் வரைக்கும் கடையில் ஈ ஆடாது. அந்த நேரத்தில் அவள் ஒரு வேலை செய்தாள். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பொம்மை வீடுகளுக்குப் புத்தகம் செய்தாள்.

ஒரே தாளில் அட்டையும் பக்கங்களும் கோடுபோட்டு வரைந்திருப்பாள். அச்சடித்து, வெட்டி, மடித்து, முதுகில் துளி பசை தடவினால் கட்டைவிரல் நகத்தளவு புத்தகம் ஒன்று கையில் வந்து நிற்கும். திறக்கும், மூடும், அலமாரியில் செருகலாம். புத்தகம் மட்டுமல்ல, சுருட்டி வைக்கிற செய்தித்தாள், சுவரில் மாட்டுகிற நாள்காட்டி, பிஸ்கட் டப்பா, சீட்டுக்கட்டு எல்லாம் செய்தாள். போர்த்தோவில் வேலை பார்க்கும் அவள் மகன் துவார்த்தே அவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஒரு இதயப் படத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வேலை செய்கிற மற்றவர்கள் உள்பக்கங்களில் எழுத்து மாதிரி தெரியட்டும் என்று சாம்பல் கோடுகளை இழுத்துவிடுவார்கள். ஒத்தீலியாவுக்கு அது மனசு ஒப்பவில்லை. புத்தகம் என்றால் உள்ளே ஏதாவது சொல்ல வேண்டாமா? வெள்ளைச் சட்டையில் ஒயின் கறை போக்குவது, கடற்காக்கைகளின் குடும்பச் சண்டை என்று தோன்றியதையெல்லாம் எழுதினாள். மழை பெய்த ஒரு காலையில் கதை ஒன்றும் எழுதினாள். லியோனோர் என்ற பெண், ரொட்டிக்கடைக்காரனோடு கல்யாணம் நிச்சயமான மறுநாள் ராத்திரி, பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடிவருகிறாள். தண்டவாளம் அதிர்கிறது. அதோடு எட்டாம் பக்கம் முடிந்துவிட்டது. தாளில் எட்டுப் பக்கத்துக்குத்தான் இடம். யார் படிக்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அதெலினோ கடைக்குள் நுழைந்தார். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். துடுப்பு மாதிரி கை. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், பழைய ஒயின் பெட்டிகளை உடைத்து வீட்டில் என்னவோ கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனைவி கிறிமில்டே சந்தையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே மூன்றாவது மீன்கடை அவளுடையது.

அவர் கைப்பேசியை நீட்டி, இதை அளவு மாறாமல் அச்சடித்துக் கொடுக்கச் சொன்னார். மைத்துனன் வீட்டில் அச்சடித்தபோது புத்தகம் ஒவ்வொன்றும் பொம்மை வீட்டுக் கதவைவிடப் பெரிதாக வந்துவிட்டதாம். ஒத்தீலியா திரையைப் பார்த்தாள். அவளுடைய தாள்தான். முகத்தைத் திருப்பி இயந்திரத்தில் காகிதம் செருகுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"பொம்மை வீட்டுக்கா, மெஸ்த்ரே?" என்றாள். படகுக்காரர்களை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆமா. மாடியில நூலகம் ஒண்ணு வெச்சிருக்கேன். ஆனா தோனா ஒத்தீலியா, இதுல ஒரு கதை இருக்கு பாருங்க, இத எழுதுனவன் சரியான கழுதை."

ஒத்தீலியாவின் கை நின்றது. பழைய கடல் வரைபடங்களைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கைப்பேசித் திரைமேல் பிடித்து அவர் ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்திருக்கிறார். கறை போக்குகிற புத்தகத்தைப் பார்த்துத் தன் சட்டை ஒன்றைக் காப்பாற்றியும் இருக்கிறார்.

"ஒரு பொண்ண ராத்திரி நேரத்துல ஸ்டேஷன்ல நிக்க வெச்சுட்டு இவன் பாட்டுக்குப் போயிட்டான். ரயில் வந்துச்சா, ஏறுனாளா, ஒண்ணும் இல்ல. இவனுக்கெல்லாம் அக்கா தங்கச்சி கிடையாதா?"

வேலை வெட்டி இல்லாத யாரோ எழுதியிருப்பார்கள் என்று அவள் சொல்லி அனுப்பினாள். அவர் தெருவைக் கடந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், பிறகு கடைக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். தன் வாழ்நாளில் தன்னுடைய முதல் வாசகர் வந்து தன்னைக் கழுதை என்று திட்டிவிட்டுப் போகிறார். இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அந்த வாரமே இரண்டாம் பாகம் இணையத்தில் ஏறியது. ரயில் வந்தது, லியோனோர் ஏறினாள், எதிர் இருக்கையில் ஒரு கைக்கடிகார வியாபாரி. எட்டாம் பக்கத்தில் பயணச்சீட்டைக் காணவில்லை. அதெலினோ அடித்துப்பிடித்து ஓடிவந்து அச்சடித்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து, கடிகாரக்காரன் பார்வையே சரியில்லை என்று ஒரு மூச்சு புகார் சொன்னார். மூன்றாம் பாகத்தில் ஒத்தீலியா அவனை வழியில் இறக்கிவிட்டாள். நான்காம் பாகத்தில் லியோனோர் ஆற்றங்கரை ஊரில் தையல்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ரொட்டிக்காரன் தேடிக்கொண்டு அங்கேயும் வந்து கதவைத் தட்டினான்.

இதற்குள் அதெலினோ இரவுச் சாப்பாட்டின்போது மனைவிக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்திருந்தார். கிறிமில்டே மறுநாள் காலையில் மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டே சந்தைக்குச் சொன்னாள். சந்தை இரண்டு கட்சியானது. மத்தி விற்கிறவர்கள் ரொட்டிக்காரன் பக்கம். பாவம், அவன் செய்த தப்பு என்ன, விடிகாலையில் எழுந்து மாவு பிசைகிறவன் கெட்டவனாக இருக்க முடியுமா என்றார்கள். கணவாய் விற்கிறவர்கள் கிறிமில்டேயின் தலைமையில் ஒரே குரலாக, அவள் ஓடட்டும் என்றார்கள். ஒத்தீலியா கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் தெரியாதவள் போலக் கல்லாவைத் துடைத்தாள்.

விலைப்பலகை நகலெடுக்க ஒருநாள் கிறிமில்டே வந்தாள். எல்லோரையும் 'கண்ணே' என்று கூப்பிடுகிறவள். லியோனோர் இனி அந்த ஊரில் இருக்கக்கூடாது, படகு பிடித்து ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடுவதுதான் நல்லது என்று அவள் தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"அவ படகுல ஏற மாட்டா. அவ அப்பா செத்ததே படகு கவுந்துதானே" என்றாள் ஒத்தீலியா, தாளைச் சரிசெய்துகொண்டே.

கிறிமில்டே மெல்ல இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றினாள்.

"எந்த அப்பா கண்ணே?"

ஒத்தீலியா நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, மூடினாள்.

"நாலு பாகம் கேட்டுட்டேன். அவளுக்கு அப்பாவே இல்ல இதுவரைக்கும். உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" கிறிமில்டேயின் முகத்தில் விஷயம் ஆற்றுவெள்ளம் மாதிரி ஏறுவது தெரிந்தது. "அடிப்பாவி. நீதானா அது?"

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வாழ்த்து அட்டைத் தாங்கி ஆடியது. "எம்புருஷன் உன் மூஞ்சிக்கு நேராவே உன்னைக் கழுதைன்னானே! அதுவும் வாராவாரம்!"

யாரிடமும் சொல்லவேண்டாம், முக்கியமாக மெஸ்த்ரேயிடம் சொல்லவேண்டாம் என்று ஒத்தீலியா கெஞ்சினாள். கிறிமில்டே தனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்கள் மேலும் சத்தியம் செய்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கடையில் ஈ ஆடாத நேரம் என்பதே இல்லாமல் போனது. மத்திக்காரிகள் வந்து ரொட்டிக்காரனுக்காகப் பேசினார்கள். ஒருத்தி பொட்டலம் நிறைய மீனை மேசையில் வைத்து, அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதேன் என்றாள். அப்பா உண்மையிலேயே செத்துவிட்டாரா அல்லது வேறு ஊரில் இருக்கிறாரா என்று ஒருத்தி தினமும் வந்து கேட்டாள். ஒத்தீலியா ஐந்தாம் பாகம் எழுத உட்கார்ந்தால் ஊரே தோளுக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது. ஒரு வரி எழுதினால் இரண்டு வரி அழித்தாள்.

வரவேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. அதெலினோ இப்போது தெருவின் அந்தப் பக்கமாகவே, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். அவள் கை காட்டினால் வானத்தில் மேகம் பார்த்தார். தெருவில் போகிறவர்களில் அவர் தொப்பியை மட்டும் தேடுவது ஒத்தீலியாவுக்குப் பழக்கமாகிவிட்டது. கணவன் லுக்சம்பர்க்குக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டபோதுகூட அவள் இப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் கிறிமில்டேதான் பொறுமை இழந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தே தீரவேண்டும் என்றாள். "அவருக்கு வெக்கம். உனக்கு ரோஷம். நடுவுல எனக்குக் கதை இல்ல. இந்த மனுஷன் சாப்பிடும்போது வாயே தெறக்கிறதில்ல, சுவத்தோட சாப்பிடுற மாதிரி இருக்கு."

ஒத்தீலியா பாதாம் பணியாரம் வாங்கிக்கொண்டு போனாள். சாப்பாட்டு அறையில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சாப்பாட்டு மேசை முழுவதையும் பொம்மை வீடு பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் மாதக்கணக்காக அடுப்படியில் முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிடுகிறது. மூன்று மாடி. கூரை ஓட்டுக்கு மத்தி டப்பாத் தகரம். சமையலறையில் அவளுடைய நாள்காட்டி, அவளுடைய பிஸ்கட் டப்பா. அவள் செய்தித்தாளை அதெலினோ கட்டிலுக்கு விரிப்பாகப் போட்டிருந்தார். மாடியில் நூலகம். அவள் செய்த புத்தகங்கள் ஒன்றுகூட விடாமல், முதுகு நேராக, உயரவாரியாக நின்றன. திரையிலும் தாளிலும் மட்டுமே பார்த்திருந்தவற்றை அலமாரியில் முதல்முறையாகப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

அதெலினோ சன்னலோரம் நின்று தொண்டையைச் செருமினார். கழுதை என்றது பொதுவாகச் சொன்னதுதான், ஆளைப் பார்த்துச் சொன்னதில்லை என்றார்.

அவள் கண் அலமாரியிலேயே இருந்தது. நான்கு பாகங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாகத் தடியாக ஒன்று இருந்தது. மற்றவை விரல்நகம் என்றால் இது தீப்பெட்டி. பசை வழிந்து காய்ந்து, அலமாரிப் பலகையே லேசாக வளைந்திருந்தது. அவள் எடுத்துப் புரட்டினாள். கூர்சீவிய பென்சிலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிய எழுத்து. இழுவைப்படகு ஒன்று வருகிறது. லியோனோர் அதில் வேலைக்குச் சேர்கிறாள். துரத்திக்கொண்டு வந்த ரொட்டிக்காரன் படித்துறையில் வழுக்கி விழுந்து, செத்துப்போகிறான்.

"இதென்ன மெஸ்த்ரே?"

"நீங்க எழுதலியே. அவ எத்தன நாள்தான் கதவுக்குப் பின்னாலயே நிப்பா? அதான்."

"ரொட்டிக்காரன் என்ன பாவம் பண்ணான்? அவனை ஏன் கொன்னீங்க?"

"அவன் மூஞ்சியே எனக்குப் பிடிக்கல."

"அவனுக்கு நான் மூஞ்சியே எழுதலியே!"

"அதான் சொல்றேன். மூஞ்சி இல்லாதவன எப்படி நம்புறது?"

சண்டை வளர்ந்தது. அப்பா படகில் செத்த பெண் இழுவைப்படகில் ஏறுவாளா என்று ஒத்தீலியா கேட்டாள். அப்படிப்பட்டவள்தான் ஏறுவாள் என்றார் அவர். கடலுக்கு அப்பாவைக் கொடுத்த எத்தனையோ பேர் தன் படகிலேயே கயிறு பிடித்திருக்கிறார்கள், முதல் நாள் வாந்தியெடுப்பார்கள், இரண்டாம் நாள் பயறு சூப்பை வழித்துக் குடிப்பார்கள் என்றார். ஒத்தீலியா அதற்கு மறுத்துப் பேச நினைத்தாள், ஆனால் சூப்பு வழிக்கிற லியோனோர் கண்முன்னே வந்துவிட்டாள். எழுதமுடியாமல் அடைத்துக்கிடந்தது எதுவோ உள்ளே இளகிவிட்டது. கொலை மட்டும் கூடாது என்றாள். அவர் பிடிவாதம் பிடித்தார். கிறிமில்டே கரண்டியோடு வந்து நின்று, ரொட்டிக்காரனைத் தண்ணீரில் தள்ளுங்கள், ஆனால் லியோனோரே கயிறு போட்டுத் தூக்கட்டும், இல்லையென்றால் நாளைக்கு மத்திக்காரிகள் முகத்தில் தான் விழிக்க முடியாது, இப்போது வறுத்த கணவாய் ஆறுகிறது, வந்து உட்காருங்கள் என்றாள். அடுப்படியில் மூன்றுபேரும் முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள்.

அப்படியே முடிவானது. படகு விஷயமெல்லாம் அவர் சொன்னார், மீதியை அவள் எழுதினாள், அட்டையில் இரண்டு பேர் பெயரும் வந்தது. ரொட்டிக்காரன் இருமிக்கொண்டே கரையேறி, அக்கரையில் புதுக்கடை போட்டு, மூஞ்சியும் ஒன்று கிடைக்கப்பெற்று, கடைசியில் ஒரு தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டான். நூலகத்தில் இடம் போதாமல் அதெலினோ நான்காவது மாடி கட்டினார். கிறிமில்டே சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு வேறொரு மேசை வாங்கினாள்.

லியோனோர் சொந்தமாக இழுவைப்படகு ஓட்டும் உரிமம் வாங்கிய பாகம் நவம்பர் மாதக் குளிரில் வெளிவந்தது. அன்று சந்தையில் அரைமணி நேரம் யாரும் மீன் விற்கவில்லை. மோஷ்கதேல் ஒயினைக் காப்பிக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டு இரண்டு கட்சிக்காரிகளும் கிறிமில்டேயின் கடை முன்னால் கூடினார்கள். ஒத்தீலியா பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். சிரிப்பில் அவள் கை நடுங்கியதால், அதெலினோதான் அந்தப் பெரிய விரல்களில் சிறு இடுக்கியை வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், பக்கம் பக்கமாகப் புரட்டிக் கொடுத்தார்.