கடைசி வரிசை விருந்தாளி

கல்லூரிக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்தக் கண்ணாடிப் பலகைதான். ‘எங்கள் பேராசிரியர்களின் சாதனைகள்’ என்று மேலே தங்க நிற எழுத்து. யார் எந்த ஆய்விதழில் எழுதினார், யாருக்கு என்ன விருது, யார் எந்த நாட்டில் போய்ப் பேசினார் என்று வருடா வருடம் மாற்றி ஒட்டுவார்கள். வியாபாரம் சொல்லிக்கொடுக்கிற இடம் ஆயிற்றே, சரக்கை வாசலில் வைக்கத் தெரியாதா என்ன.

இந்த வருடம் நடுநாயகமாக இருந்தது ஓர் இணைப் பேராசிரியரின் படம். மாணவர்கள் வகுப்பில் அலசுவதற்காக அவர் எழுதிய கேஸ் ஸ்டடிக்கு வெளிநாட்டுப் பரிசு கிடைத்திருந்தது. ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறை எப்படி நொடித்துப்போனது என்பதுதான் விஷயம். பெயரையெல்லாம் மாற்றிவிட்டார். பட்டறை தன் சொந்த அண்ணனுடையது என்பதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. உறவுக்காரரின் தொழிலைப் பற்றி எழுதினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது பரிசுக் குழுவின் விதி. சொல்லியிருந்தால் பரிசு ஏது, படம் ஏது?

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. பட்டறையின் பெரிய வாடிக்கை ஒரு பழரசக் கம்பெனி. அவர்கள் புது ஒப்பந்தம் பேசக் கூப்பிட்டபோது அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தம்பியின் ஈரல் கெட்டுப்போய், வேறு வழியே இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட நேரம் அது. அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தன் ஈரலில் பாதியைக் கொடுத்தார். தையல் சீழ் பிடித்ததில், தம்பி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவர் படுக்கையில்தான் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் ஒப்பந்தம் வேறொருவன் கைக்குப் போயிருந்தது. பட்டறை அப்புறம் தலையெடுக்கவே இல்லை. இப்போது யாருடைய கிடங்கிலோ சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறார்.

கேஸ் ஸ்டடியில் இது அத்தனையும் ஒரே வரி: ‘முக்கியமான பருவத்தில் உரிமையாளர் தொழிலைக் கவனிக்கவில்லை.’ முதலில் காரணத்தையும் எழுதியிருந்தார். பிறகு அடித்துவிட்டார். பாடம் கூர்மையாக இருக்க வேண்டுமாம்.

இந்த மாதிரிக் கல்லூரிகளில் ஒரு பழக்கம் உண்டு. கேஸில் வருகிற முதலாளியையே அழைத்துவந்து கடைசி வரிசையில் உட்காரவைப்பார்கள். யாரென்று மாணவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் அந்த ஆளைக் கிழி கிழியென்று கிழித்து முடித்ததும், “இதோ, அவரே வந்திருக்கிறார்” என்பார் வாத்தியார். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், கைதட்டுவார்கள்.

“உங்க பதவி உயர்வுக்காக வெளியிலிருந்து ஒரு மேடம் வகுப்பைப் பாக்க வராங்க. அந்த முதலாளியைக் கூட்டிட்டு வந்துடுங்க, பேராசிரியர் பதவி உங்க பாக்கெட்ல” என்றார் டீன். மறுக்க ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

அண்ணன் சலவைச் சட்டை போட்டு, முகம் மழித்து வந்திருந்தார். கண்ணாடிப் பலகை முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“படத்துல நல்லா விழுந்திருக்கடா. உங்க அண்ணி பாத்தா தெரு பூரா தம்பட்டம் அடிப்பா.”

“அண்ணே, உள்ள என்னைத் தம்பின்னு கூப்பிட்டுடாதீங்க. சார்னு சொல்லுங்க. இங்க அப்படி ஒரு ரூல்.”

“அவ்வளவுதானே? சின்ன வயசுல நீ பண்ணின அழிச்சாட்டியத்துக்கு மகாராஜான்னே கூப்பிட்டிருக்கேன், சாருக்கு என்ன?” என்று சிரித்தார். சிரிக்கும்போது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டார். “அந்த ஆஸ்பத்திரி சமாச்சாரமெல்லாம் எழுதியிருக்கியா?”

“நேரமாச்சுண்ணே, வாங்க.”

வகுப்பு சூடு பிடித்தது. “இவரு முதலாளியா, விருந்தாளியா?” என்றாள் முன்வரிசைப் பெண். “பெரிய வாடிக்கை தேடி வருது, ஆளைக் காணோம். பொறுப்பைப் பாத்துக்க இன்னொரு ஆளும் இல்ல. இது கெட்ட நேரம் இல்ல சார், சோம்பேறித்தனம்.”

“எங்கயாவது சின்ன வீடு வெச்சிருந்திருப்பாரு” என்றான் கண்ணாடி போட்ட ஒருவன். வகுப்பு குலுங்கியது. மதிப்பிட வந்த மேடமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தம்பி என்ன செய்தார் தெரியுமா? வகுப்புப் பலகையில் ‘பொறுப்பின்மை’ என்று எழுதி, அடியில் கோடு போட்டார். கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை. என்னால் பொறுக்க முடியாதது அந்தக் கோடுதான்.

பிறகு வழக்கம்போல அறிவிப்பு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசைப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரி, விடவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த சமயத்துல நீங்க எங்கதான் போயிருந்தீங்க?”

அண்ணன் மெல்ல எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘என்னை உயிரோட கொண்டுவரப் போயிருந்தார்.’ அது தம்பியின் தொண்டை வரை வந்தது. மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்பி மார்க்கரின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வயிற்றுக்குள் அண்ணன் கொடுத்தது பத்திரமாக இருந்தது. வாய்தான் திறக்கவில்லை.

“ஊர் சுத்தப் போயிட்டேம்மா” என்றார் அண்ணன். “புத்தி இல்லாம.”

இந்த முறை எழுந்து நின்று தட்டினார்கள். “தன் தப்பைத் தானே ஒத்துக்கறார் பாருங்க, எவ்வளவு பெரிய மனசு” என்றார் மேடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீன் தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வகுப்பு முடிந்ததும் தம்பி வாசல் வரை கூடவே வந்தார்.

“வீட்டுக்கு வாங்கண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம்.”

“பஸ் போயிடும்.”

“அண்ணே, அந்த மேடம் இருந்ததால...”

“நீ சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்டா.” கோபமே இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை. விலாவைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

பதவி கிடைத்தது. பலகையில் படம் அப்படியே இருக்க, கீழே எழுத்து மட்டும் ‘பேராசிரியர்’ என்று மாறியது. புது அறை, கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை. கதவைச் சாத்திக்கொண்டு முதல் வேலையாக அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, நான்தான்.”

“சொல்லுங்க சார்.”

“அண்ணே... இங்க யாரும் இல்லண்ணே. நான் தனியாத்தான் இருக்கேன்.”

“தெரியும் சார்.”