மூத்தவளுக்குப் பிடிக்காது

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தை மேனேஜர் விரலால் தட்டினார்.

"இதை எழுதினது யாருன்னு தெரியுதா?"

தெரிந்தது. என் அக்காதான். கல்லூரியில் தொன்மக் கதைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். பத்திரிகையில் வந்த அவளுடைய கட்டுரையின் முதல் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு, உலைக்கூடத்தின் வாசலில் மாட்டியிருந்தார்கள்.

"நான் சொன்னா மூடநம்பிக்கைம்பே. படிச்சவங்க, உன் கூடப் பிறந்தவங்க, எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாரு. இதுக்கு மேல நான் என்னம்மா சொல்ல?"

எங்கள் தொழிற்சாலையில் கண்ணாடி ஜாடிகள் ஊதுகிறோம். ஊதுகிறோம் என்று பன்மையில் எழுதிவிட்டேன், தவறு. ஊதுகிறவர்கள் ஆண்கள். பெண்களாகிய நாங்கள் பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து ஜாடிகளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் குமிழி பார்த்துத் தரம் பிரிப்போம். நான் விடுமுறை நாட்களில் பயிற்சிப் பள்ளிக்குப் போய் ஊதும் வேலையைக் கற்றுத் தேறியிருந்தேன். உலைக்கு முன்னால் ஓர் இருக்கை காலியானதும் அதைக் கேட்டேன். என்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கிடைக்கவில்லை. காரணம் மூத்தவள்.

உலையைத்தான் அங்கே மூத்தவள் என்பார்கள். அவள் ஒரு வீட்டின் மூத்த பெண்ணாம். அவளைக் காக்கவைத்துவிட்டுத் தங்கைகளையெல்லாம் கரையேற்றினார்களாம். ஆற்றாமையில் நீல உடை உடுத்திக்கொண்டு நெருப்புக்குள் இறங்கிவிட்டாளாம். அன்றுமுதல் எந்தப் பெண்ணின் வாசனை பட்டாலும் அவளுக்குப் பிடிக்காது. கண்ணாடி உருகும் களிமண் தொட்டியை உடைத்துவிடுவாள். அதனால் உலையைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு. பெண்கள் அதைத் தாண்டக் கூடாது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் பேரும் புகழும் என் வாயில மண்ணைப் போட்டுடுச்சு," என்றேன்.

அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடவில்லை, முடித்ததும் மூடினாள்.

"முதல் பக்கத்தை மட்டுமா மாட்டியிருக்காங்க?"

"ஏன், இன்னும் நாலு பக்கம் மாட்டி எனக்குச் சமாதி கட்டணுமா?"

"ரெண்டாவது பக்கத்துல வேற விஷயம் எழுதியிருக்கேன்டி. இந்தக் கதை ஒண்ணும் ஆதிகாலத்துக் கதை இல்ல. மூத்தவ ஏன் நீலம் கட்டறா? விறகு எரியறப்ப உலை மஞ்சளாத்தானே தெரியும்? கேஸ் வந்தப்புறம்தான் நீலம். அப்படின்னா இது கேஸுக்குப் பின்னால பிறந்த கதை. உன் வயசுதான் இருக்கும் அதுக்கு."

"இதைத் தெரிஞ்சுக்கிட்டு உனக்கு என்ன ஆகப்போகுது? பொய்யின்னு ஒரே வார்த்தை எழுதிட்டுப் போகவேண்டியதுதானே."

"பொய்யின்னு எழுத நான் எதுக்கு? அது உனக்கே தெரியும். பொய்யை இத்தனை பேர் ஏன் கட்டிக்கிட்டு அழறாங்க, யாருக்கு அது தேவைப்பட்டுதுன்னு பார்க்கறதுதான் என் வேலை."

"சரி, யாருக்குத் தேவைப்பட்டுது?"

"அதுதான் பிடிபடல. ஆம்பளைங்ககிட்ட கேட்டா ரெண்டு வரியில முடிச்சிடறாங்க. உங்க கூடத்துப் பொம்பளைங்க சொன்னா மூத்தவ தலை வாரினது, தங்கச்சிகூடச் சண்டை போட்டதுன்னு போய்க்கிட்டே இருக்கு. கதை எந்த வீட்டுல பிறந்துதோ அந்த வீட்டுலதான் இவ்வளவு விவரமா இருக்கும்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் கூடத்தில் எனக்கு முன்னால் ஆயுசில் பாதியைக் கழித்தவள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"என்னை எதுக்குடி முறைக்கறீங்க?"

"அம்மா," என்றாள் அக்கா.

"ஆமா. நான்தான் சொன்னேன். இப்ப என்ன?"

அம்மாவே பேசினாள். கேஸ் உலை வந்த புதிதில் சூடு தாங்காமல் சில ஆண்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்களாம். ஜாடி தூக்கத் தரம் பிரிக்கிற பெண்களை உள்ளே தள்ளினார்களாம். கர்ப்பிணிகளையும்தான்.

"என் பக்கத்துல நின்னவளுக்கு அங்கேயே கலைஞ்சுபோச்சு. அதுக்கு மறுநாளும் என்னைப் போகச் சொன்னாங்க. நீ வயித்துல இருந்தே. ஆபீஸ்ல போய் நின்னோம், சட்டம் பேசினோம். சிரிச்சாங்க. அந்த வாரம் தொட்டி தானா விரிசல் விட்டுது. நான் சும்மா, வயித்தெரிச்சல்ல சொன்னேன், உலைக்குள்ள ஒருத்தி இருக்கா, அவளுக்கு நாங்க வர்றது பிடிக்கலைன்னு. சிரிச்சவன் எல்லாம் வெளுத்துப்போயிட்டான். அப்புறம் ஆளுக்கு ஒண்ணு சேர்த்தோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் பயிற்சிக்குப் போனப்பகூட வாயைத் திறக்கலையே நீ."

"நீ உள்ள போகணும்னு ஆசைப்படுவேன்னு நான் கனவா கண்டேன்? அந்த நரகத்துலயிருந்து உன்னைக் காப்பாத்தினதுக்குக் கணக்குக் கேக்கறா பாரு."

"காப்பாத்தினே சரி. பூட்டைத் திறந்துவிட யாரு வருவா?"

அம்மா மடித்த துணிகளையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. அவரவர் போட்டுக்கொண்டோம்.

காலையில் நான் கிளம்பும்போது அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். அக்காவும் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். மூவரும் போனோம்.

உலை மேஸ்திரி அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனிதர். அம்மா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கேட்டார்கள். மேனேஜரும் வந்து நின்றார்.

மேஸ்திரி பொறுமையாகத் தலையை ஆட்டினார். "வயசாயிடுச்சும்மா உங்களுக்கு. ஒண்ணோட ஒண்ணு கலந்து பேசறீங்க. எங்கப்பா எனக்குச் சொன்ன கதை இது. அவருக்கு அவங்கப்பா சொன்னது."

"உங்கப்பாவுக்குச் சொன்னதே நான்தான் தம்பி. கேட்டுட்டு ஜுரத்துல படுத்தார். உங்கம்மா வந்து என்னைத் திட்டிட்டுப் போனாங்க."

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரியின் முகம் சிவந்தது. "செத்தவரைப் பத்திப் பேசாதீங்க."

மேனேஜர் குறுக்கே வந்தார். "அம்மா, யார் சொன்னதா வேணா இருக்கட்டும். இப்ப அது கம்பெனிக்கு ஒரு அடையாளம். வெளியூர்க்காரங்க இந்தக் கதையைக் கேட்டுட்டுத்தான் ஜாடி வாங்கறாங்க. அட்டைப்பெட்டியிலயே அச்சடிச்சிருக்கோம்."

கதையைப் பெற்றவள் எதிரில் நின்று, பொய் என்று சொல்கிறாள். ஒருவருக்கும் அவள் வேண்டாம், கதைதான் வேண்டும். அம்மாவுக்கு எப்படி இருந்ததோ, அவள் நேராக நடந்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி, காலி இருக்கையைத் தூசி தட்டி உட்கார்ந்தாள்.

உலை எப்போதும்போல இரைந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் தொட்டியையே பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"வயசானவங்களை மூத்தவ ஒண்ணும் பண்ண மாட்டா," என்றார் மேஸ்திரி.

"அட, இது புதுசா இருக்கே," என்று அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைப் பிடித்தேன். "இங்கேயுமா எழுதுவே?"

"எழுதுவேன். இந்த வரி இன்னைக்கு, இந்த இடத்துல, மேஸ்திரி வாயால, எதுக்காகச் சேர்ந்துதுன்னு எழுதுவேன். அவர் பேரைப் போட்டே எழுதுவேன்." அவள் சொன்னது எனக்கல்ல. "அதையும் சட்டம் போட்டு மாட்டுங்க சார்."

மேஸ்திரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் கோட்டைத் தாண்டிப் போய் அம்மாவை எழுப்பினேன். "நகரு. இது என் இடம்." அவள் எழுந்து பக்கத்தில் நின்றாள். நான் உட்கார்ந்தேன்.

"எனக்கு வயசாகல. எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க, அண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க, அக்கா எழுதிக்கட்டும்."

"நாளைக்குப் பேசிக்கலாம்," என்றார் மேனேஜர்.

"கண்ணாடி உருகிக் கிடக்கு சார். அது நாளைக்கு வரைக்கும் நிக்காது. நானும் எழுந்திருக்கப்போறதில்ல. ஊதுகுழலைக் குடுக்கச் சொல்லுங்க."

ஊதுகிற ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் இருக்கைக்குப் போனார்கள். மேஸ்திரி கடைசிவரை நின்றார். பிறகு மூலையிலிருந்து ஓர் ஊதுகுழலை எடுத்துவந்தார். என் கையில் தரவில்லை. எனக்கு எட்டுகிற தூரத்தில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கையை நீட்டி எடுத்துக்கொண்டேன்.