பக்கம் புரட்டியவர்

2026 பிப்ரவரி 8, ஞாயிறு மாலை, அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்கு அருகே ஒரு தேவாலயக் கூடத்தில் எட்டு ஜெர்மன் கவிதைகள் பியானோவுடன் பாடப்பட்டன. சர்வாதிகார ஆட்சியில் சிறைக்குப் போன ஒரு கவிஞர் எழுதியவை. நாட்டை விட்டுத் தப்பிய அவருடைய நண்பர் மெட்டமைத்தவை.

அவற்றைப் பாடியிருக்க வேண்டியவர் வான்மதி. ஒரு வங்கியில் ஒப்பந்தப் பொறியாளர். அதே ஊரின் நியூபோர்ட் பகுதியில் தனியாக இருக்கிறார். கணவர் சபரிக்கு கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் வேலை. முன்பு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஆன்சைட் வேலையில் இருந்தபோது ஜெர்மன் கற்று, அங்கே ஒரு குழுவில் பாடியவர். பியானோ வாசிப்பவர் ரூத், எழுபதைத் தாண்டியவர். செப்டம்பரிலிருந்து வியாழன்தோறும் இருவரும் பயிற்சி செய்தார்கள். அலுவலகத்துக்கு வெளியே வான்மதி ஒரு மனிதருக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது அந்த ஒரு மாலையில்தான்.

ஜனவரியில் ஒருநாள் சபரி போனில் கேட்டார். "நோட்டீஸ்ல உன் பேர் போடறாங்களா?"

"பாடறவ பேர் போடாம?"

"மார்ச்ல சென்னைல விசா ஸ்டாம்பிங் இருக்கு, மதி. ஃபேஸ்புக், இன்ஸ்டா அக்கவுன்ட் எல்லாத்தையும் பப்ளிக் பண்ணச் சொல்றான் கான்சுலேட்ல. உன் பேரை கூகுள் பண்ணா முதல்ல இதுதான் வரும். ஆளுங்கள நாடு கடத்தற ரயில் பத்தி ஒரு பாட்டு இருக்குன்னியே."

"அது எண்பது வருஷத்துக்கு முந்தின ரயில்."

"விசா ஆபீசருக்கு அதெல்லாம் பார்க்க எங்க டைம்? நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் தமிழ்ச் சங்க நாடக போட்டோவையே டெலீட் பண்ணிட்டான். அதுல அவன் மரமா நின்னிருந்தான்."

வான்மதி சிரித்தார்.

அடுத்த வியாழன் ரூத்திடம் சொன்னார். "நான் பாடுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம். வீடியோவும் வேண்டாம்."

ரூத் பியானோவிலிருந்து கையை எடுத்தார். "இந்தக் கவிஞரும் பெயர் போடாமல் தப்பித்திருக்கலாம். ஒவ்வொரு கவிதையிலும் போட்டார். அதற்குத்தான் சிறை. பெயரை மறைத்துக்கொண்டு இதைப் பாடுவதென்றால் நான் வாசிக்க மாட்டேன்."

"உங்களிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது, ரூத்."

"தெரியும். அதனால்தான் உன்னை நான் வற்புறுத்தவில்லை."

வான்மதிக்குப் பதிலாகக் கல்லூரி மாணவி கிளேர் பாட ஒப்புக்கொண்டார். ரூத் வான்மதியிடம் ஒன்று மட்டும் கேட்டார்: வாசிக்கும்போது இசைத்தாளின் பக்கம் புரட்ட ஆள் வேண்டும், பாட்டைத் தெரிந்த ஆள். பக்கம் புரட்டுகிறவரின் பெயரை நோட்டீசில் அச்சிடும் வழக்கம் இல்லை. வான்மதி சரி என்றார்.

நிகழ்ச்சி மாலையில் வான்மதி கறுப்பு உடையில் ரூத்தின் இடப்பக்கம் உட்கார்ந்தார். எழுந்து, தாளின் மேல்முனையைப் பிடித்துப் புரட்டி, மறுபடி உட்கார வேண்டும். உதடு அசையக் கூடாது. ரயில் பாட்டில், தான் மூச்சு எடுத்துப் பழகிய இடத்தில் கை தானாகப் போய்த் தாளைப் புரட்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் பியானோவுக்கு இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது. ரூத் அதை மனப்பாடமாக வாசித்து முடித்தார். கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கைதட்டலின்போது ரூத்தும் கிளேரும் கைகோத்துக் குனிந்தார்கள். வான்மதி பியானோவுக்குப் பின்னால் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் அவர் சென்னை போனார். விசா கிடைத்தது. திரும்பி வந்தபோது வியாழக்கிழமைகளை ரூத் கிளேருக்குக் கொடுத்திருந்தார்.