பின்வாசல் கதவு

கடையில் ஏதாவது உடைந்ததா என்று காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து தொலைபேசியில் கேட்ட பெண்ணிடம் ஆட்ரி ஃபெல், "சொல்லும்படியா ஒண்ணுமில்ல, கண்ணு" என்றாள். அந்தப் பெண் "சேதம்: இல்லை" என்று தட்டிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போனாள். ஆட்ரியின் மீன் வறுவல் கடையின் தலையெழுத்து அந்த ஒரு வரியில் முடிந்துபோனது. அது ஆட்ரிக்குத் தெரியவில்லை.

கோப்பு கெண்டலின் மேசைக்கு வந்தபோது அவன் அந்த வரியில் நின்றான். முப்பது வருடமாகக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குச் சேதம் மதிப்பிடுகிறவன். லண்டன் ஆட்கள் 'சொல்லும்படியாக ஒன்றுமில்லை' என்றால் என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய அப்பா துறைமுகத்தில் இரண்டு விரல் போய் வீடு திரும்பிய அன்று அம்மாவிடம் சொன்னதும் அதே வார்த்தைதான். போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினான்.

ஆற்றின் தென்கரையில் டோவ்கோட் சந்து. ஜூன் மாதம் ஒரு மாலை, கூட்டம் நிறைந்த நேரத்தில், மூன்று பேர் அங்கே கத்தியோடு இறங்கினார்கள். ஆறு பேர் செத்தார்கள். போலீஸ் நாடா கட்டி அந்தச் சந்து முழுவதையும் பதினோரு நாள் மூடி வைத்தது. உள்ளே இருந்த மீன் அழுகியது. நாடாவை எடுத்த பிறகும் அந்தப் பக்கம் சாப்பிட வர ஆள் இல்லை.

அது பயங்கரவாதம்தான் என்று அரசாங்கம் சான்று கொடுத்துவிட்டது. அதில் தடை இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் குண்டுகள் வெடித்தபோது, இனி இந்த ஆபத்தை எங்களால் தாங்க முடியாது என்று கம்பெனிகள் கையை விரித்தன. அப்போது எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து பணம் போட்டு ஒரு பொது நிதி உண்டாக்கின. அது காலியானால் கஜானா கொடுக்கும் என்று அரசாங்கம் பின்னால் நின்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது குண்டு. குண்டு வெடித்தால் கட்டடம் உடையும். ஆகவே ஏதாவது உடைந்திருந்தால்தான் கடை மூடிய நாட்களுக்கும் பணம். கத்தி ஆளைத்தான் கிழிக்கும், கண்ணாடியை உடைக்காது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஆட்ரி டீ போட்டுக் கொடுத்தாள். அறுபத்திரண்டு வயது, கனத்த உடம்பு, எண்ணெய்ச் சூடு பட்ட முன்கைகள்.

"பக்கத்து ஒயின் பார்க்காரனுக்குப் பணம் வந்துடுச்சாமே?" என்றாள்.

"வந்துடுச்சு. யாரோ நாற்காலிய எறிஞ்சதுல ஜன்னல் உடைஞ்சுது."

"கொடுத்துவச்சவன். என் ஜன்னல்ல யாரும் எறியல. என் கடைல நாற்காலியே கெடையாதே, எதை எறிவாங்க?"

கெண்டல் சிரிக்கவில்லை. "மிஸ்ஸஸ் ஃபெல், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் சொல்லித்தரக் கூடாது. ஏதாவது உடைஞ்சுதா? சின்னதா இருந்தாலும் பரவால்ல."

"ஆறு பேர் செத்துருக்காங்க, மிஸ்டர் கெண்டல். நான் போய் உடைஞ்ச சாமான் கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்கவா?"

"சொல்லாட்டி?"

"செப்டம்பர் இருபத்தொன்பது வாடகை நாள். கட்டலைன்னா கட்டடக்காரன் சாவியக் கேப்பான். எங்கப்பா பிடிச்ச கடை. நீங்க டீயக் குடிங்க, ஆறுது."

அவன் எழுந்து கடையைச் சுற்றி வந்தான். எண்ணெய்ச் சட்டிகள், கல்லா, முன் கண்ணாடி எல்லாம் முழுசாக இருந்தன. பின்னறையில் உருளைக்கிழங்கு மூட்டைகள், நீளமான ஐஸ் பெட்டி. பின்வாசல் கதவு, ஒயின் பாருக்கும் பொதுவான, சுற்றுச்சுவர் வைத்த ஒரு முற்றத்துக்குத் திறக்கும். கெண்டல் அங்கே நின்றுவிட்டான்.

கதவு பழசு. தாழ்ப்பாள் புதுசு. கதவு நிலையில் ஒரு முழ நீளத்துக்குப் புதுக் கட்டை ஒட்டி மக்குச் சாந்து பூசியிருந்தது. மேலே அடித்த பச்சை பழைய பச்சையோடு சேரவில்லை.

"இது எப்போ செஞ்சது?"

"என் மச்சான் லெஸ் வந்து செஞ்சான். ரெண்டு மீன் கொடுத்தேன். பழைய கதவு, ஈரத்துல உப்பிப் போச்சு."

உப்பிய கதவு நிலையைப் பிளக்காது. யாரோ வெளியே இருந்து தோள் கொடுத்து இடித்தால்தான் இப்படிப் பிளக்கும். கெண்டலுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கிடைத்துவிட்டது.

"இது போதும்," என்றான். "தப்பி ஓடின ஜனங்க முட்டினதுல நிலை பிளந்துச்சுன்னு எழுதறேன். இந்த ஒரு கட்டை போதும், மிஸ்ஸஸ் ஃபெல். பதினோரு நாள் வியாபாரம், கெட்டுப்போன மீன், எல்லாம் இதோட சேர்ந்து வந்துடும்."

ஆட்ரி கையைத் துணியில் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கை.

"இதை யாரு படிப்பாங்க?"

"கம்பெனிக்காரங்க. அப்புறம் அந்த நிதிக்காரங்க."

"போலீஸ்?"

"கேட்டா கொடுக்கணும். மரண விசாரணை வருது இல்லையா, கேக்கலாம்."

"அப்ப எழுதாதீங்க."

அவன் கையிலிருந்த படிவத்தைப் பார்க்கத் தலை குனிந்தான். அப்போதுதான் தரையைப் பார்த்தான். ஐஸ் பெட்டியின் கால்களிலிருந்து கதவு வரைக்கும் தரை விரிப்பில் கீறல்கள் ஓடின. பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க இழுத்திருக்கிறார்கள். பிறகு திரும்பத் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியை இரண்டு ஆள் சேர்ந்துதான் நகர்த்த முடியும். ஒரு ஆள் தனியாக நகர்த்த வேண்டுமானால் உயிர்ப் பயம் வேண்டும்.

அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"கீழ நிலவறைல இருந்தேன், ஒண்ணும் கேக்கலைன்னு போலீஸ்ல சொல்லியிருக்கேன்," என்றாள்.

கெண்டல் பேனாவை மூடினான்.

"முதல்ல இடிச்சான். அந்தக் கத்திக்காரங்கள்ல ஒருத்தன்னு நெனைச்சேன். தாழ்ப்பாள் பிச்சுக்கிட்டு வந்துச்சு, நான் பெட்டிய இழுத்து வச்சுட்டேன். அப்புறம் பேசினான். 'ப்ளீஸ், ப்ளீஸ்'னான். அவங்க மொழியிலயும் ஏதோ சொன்னான். குரல் தெரிஞ்சிருச்சு எனக்கு. ஒயின் பார்ல பாத்திரம் கழுவற நூனோ. தினம் மூணு மணிக்கு வந்து சிப்ஸ் வாங்குவான், வினிகர் வேணாம்பான். வினிகர் வேணாம்னா நீ என்ன மனுஷன்னு கிண்டல் பண்ணுவேன்."

"தெரிஞ்சதுக்கு அப்புறமும்?"

"தெரிஞ்சதுக்கு அப்புறமும்தான்."

வெளியே குப்பை வண்டி பின்னோக்கி வருகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம் தட்டினான்?" கெண்டல் கேட்டான். எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு கேள்வி கிடையாது.

"ஒரு கெண்டி தண்ணி கொதிக்கற நேரம். அப்புறம் நின்னுடுச்சு. சொல்லும்படியா என்ன இருக்கு, சொல்லுங்க. எதைச் சொல்ல?"

அந்த வார்த்தையை இத்தனை வருடம் அடக்கம் என்று நினைத்திருந்தான் கெண்டல். சொல்ல முடியாததைத்தான் ஜனங்கள் அதற்குள் போட்டு மூடுகிறார்கள் என்பது இப்போது புரிந்தது.

ஒரு வழி மிச்சம் இருந்தது. அதையும் சொல்லிப் பார்த்தான். "நிலவறைக்குப் போறதுக்கு முன்னாடியே பெட்டி கதவுகிட்டதான் இருந்துச்சுன்னு சொல்லலாம். சும்மா சுத்தம் பண்ண நகர்த்தினதா. யாரும் கிளறமாட்டாங்க."

"அதுக்குப் பணம் வரும்."

"வரும்."

"அவன் தோளால இடிச்ச கட்டைக்கு."

"ஆமா."

"வேணாம்," என்றாள் ஆட்ரி. "பொய் ஒண்ணு சொல்லிட்டேன், அது பயத்துல சொன்னது. இது வேற. இங்க கையெழுத்துதானே? எங்க போடணும், காட்டுங்க."

காட்டினான். 'சேதம் எதுவும் காணப்படவில்லை' என்று அவன் எழுதிய வரிக்குக் கீழே ஆட்ரி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வாடகை நாளுக்கு ஒரு வாரம் முன்பே சாவியைக் கொடுத்துவிட்டாள். மார்கேட் என்ற கடற்கரை ஊரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. இரண்டு வருடம் கழித்துச் சட்டத்தை மாற்றினார்கள். எதுவும் உடையாவிட்டாலும் மூடிக் கிடந்த நாட்களுக்குக் காப்பீடு செய்துகொள்ளலாம், அந்த நிதி தாங்கும் என்று. பழைய சம்பவங்களுக்குச் செல்லாது. கெண்டலின் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

மரண விசாரணை சட்டம் மாறிய அதே வருடம்தான் நடந்தது. மூன்றாம் நாள், முற்றத்தில் செத்துக் கிடந்த நூனோவின் மரணத்தை எடுத்தார்கள். போர்ச்சுகலிலிருந்து அவனுடைய அம்மா வந்திருந்தாள். அந்த முற்றத்திலிருந்து வெளியே போக ஒரு கதவுகூடவா இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டாள். கதவு ஒன்று இருந்தது, தாழிட்டிருந்தது, தட்டினாலும் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை என்று போலீஸ் அதிகாரி பதில் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கெண்டல் இதைக் காலை ரயிலில் செய்தித்தாளில் படித்தான். இரண்டு தடவை படித்தான். விசாரணை அலுவலகத்தின் தொலைபேசி எண் செய்தியின் அடியிலேயே இருந்தது. அன்றைக்குக் க்ராய்டனில் ஒரு வீட்டின் குளியலறைக் கசிவைப் பார்க்க வேண்டியிருந்தது. தாளை மடித்து இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினான்.