தலைமாட்டைப் பிடித்தவள்

"இதைப் போட்டுக்கொண்டு வா, அன்ரனி. பெட்டியின்ர தலைமாட்டை மூத்த மகன்தான் பிடிக்கோணும்."

கிறகரி வெள்ளைச் சேர்ட்டையும் கறுப்புக் காற்சட்டையையும் கட்டிலில் வைத்தார். கறுப்புச் சீலையில் இருந்த சுவேதினி அவற்றைத் தொடவில்லை. அடுத்த அறையில் அவளுடைய அப்பா டொமினிக் பெட்டிக்குள் கிடந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக யாரோடும் சண்டை பிடிக்காமல்.

அன்ரனி என்ற பெயரை அவள் கழற்றிப்போட்டுப் பல வருடங்கள். எல்லாரும் மகனாக வளர்த்த அவள், தான் பெண் என்று சொன்ன அன்று, "எனக்கு மகனே இல்லை" என்று டொமினிக் அவளை வெளியே தள்ளினார். அவருடைய தம்பி கிறகரி பக்கத்தில் நின்று தலையாட்டினார். மன்னாருக்குப் போனவள் மீன் லொறி ஓட்டப் பழகினாள். ஓலைத்தொடுவாய்க் கரையில் பிடிபடும் மீன் இப்போது அவளோடுதான் கொழும்புக்குப் போகிறது. சாவு கேள்விப்பட்டதும் அதே லொறியில் சொந்த ஊரான வங்காலைக்கு வந்து இறங்கினாள்.

"சித்தப்பா, மகனே இல்லையெண்டு அப்பா சொல்லேக்க நீங்களும் ஓம் எண்டனீங்கள். இப்ப மகன் எங்கயிருந்து வந்தவன்?"

"அது அப்ப. இப்ப பிரேதம் தூக்கோணும். நீ சீலையோட வந்தா சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எல்லாரும் அழுதுகொண்டிருந்தா அப்பாவுக்கும் அலுக்கும்."

வாசலில் நின்ற அம்மா றோசம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று புருசனுக்குப் பயந்து கதவை மூடியவர் அவர்தான். உள்ளே வந்து, சேர்ட்டையும் காற்சட்டையையும் எடுத்துக் கிறகரியின் கையில் கொடுத்தார். பிறகு மகளின் சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினார்.

"மணலுக்குள்ள நடக்கேக்க தடக்கும்."

அதுவரை அழாத சுவேதினி அப்போதுதான் அழுதாள்.

தலைமாட்டில் அவளுக்குப் பக்கத்தில் பிடிக்க இரண்டு பேர் மறுத்தார்கள். டொமினிக்கோடு கடலுக்குப் போன றொட்னி வந்து பிடித்தான்.

"பாரமோ அக்கா?"

"உயிரோட இருக்கேக்க இதைவிடப் பாரம்," என்றாள். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாட்டில் பெட்டி ஒருமுறை ஆடியது.

சேமக்காலையில் குழிக்கு மண் போட்டு முடிய, கிறகரி மைக்கைப் பிடித்தார்.

"என்ர அண்ணரின்ர பெட்டியைச் சுமந்து வந்த ஆம்பிளையளுக்கு நன்றி."

பக்கத்தில் நின்ற றோசம்மா மெதுவாகத்தான் சொன்னார். "என்ர மகளுக்கும் சொல்லும்."

மைக் அதையும் விடவில்லை. மதிலுக்கு வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கிறகரி இருமினார். செபம் சொல்லி முடித்த பாதரைப் பார்த்தார். பாதர் வானத்தைப் பார்த்தார்.

"மகளுக்கும்," என்றார் கிறகரி.